குதிரை மருந்து சேராதவள்

பாம்புக்கடி மருந்து தனக்குச் சேராது என்று ஒரு காகிதத்தில் எழுதியிருக்கிற விஷயம் பேராச்சிக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. அந்தக் காகிதத்தை அத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்தவளும் அவள்தான், தன் கையாலேயே கொண்டுபோய் அதிகாரியிடம் நீட்டியவளும் அவள்தான். அதை நினைக்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் தாராவியிலிருந்து செம்பூருக்கு வேலைக்குப் போகிறவள். செம்பூரைத் தாண்டி, டிராம்பே மலையோரமாக ஒரு பெரிய கம்பெனியின் காலனி இருக்கிறது. அங்கே கட்டடங்களைவிட மரமும் புதரும்தான் அதிகம். கான்ட்ராக்டில் புல் வெட்டுகிற பெண்கள் இருபது பேரில் அவளும் ஒருத்தி. பதினோரு வருஷமாக அதே வேலை. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், சாக்கடை ஓரத்தில் குனிந்து புல்லை அறுத்துக்கொண்டிருந்தபோது புறங்காலில் ஏதோ சுருக்கென்றது. பார்த்தால் பாம்பு நெளிந்து ஓடுகிறது. செக்யூரிட்டிக்காரர்கள் அவளை ஆட்டோவில் போட்டு முனிசிபல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு சின்ன வயசு டாக்டர் அவளுடைய முழங்கைக்குக் கீழே தோலுக்குள் கொஞ்சூண்டு மருந்தை ஏற்றி, அதைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டு, அரைமணி நேரம் உட்காரச் சொன்னார். வட்டத்துக்குள் தோல் சிவந்து, தடித்து, கொழுக்கட்டைபோல எழும்பிவிட்டது. அதற்குள் தோட்டத்து ஆட்கள் அடித்த பாம்பை வாளியில் போட்டு எடுத்து வந்தார்கள். வெறும் தண்ணிப்பாம்பு. டாக்டர் சிரித்துவிட்டு, ஒரு டெட்டனஸ் ஊசியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார். கேஸ் பேப்பரின் மூலையில் சிவப்பு மையில் ஏதோ எழுதினார். பேராச்சி அதை மடித்து, ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் பையில் வைத்தாள். அதோடு மறந்தும் போனாள்.

இந்த வருஷம் மே மாசம் காலனிக்குப் புதிதாக ஒரு சேஃப்டி ஆபீசர் வந்தார். பெயர் அனந்தகிருஷ்ணன். மாட்டுங்காவிலிருந்து தினமும் வருகிறவர், பாலக்காட்டுக் குடும்பம். எதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளாமல் அவருக்குத் தூக்கம் வராது. மழைக்கு முன்னால் எல்லாத் தொழிலாளர்களும் பழைய மருத்துவச் சீட்டுகளைக் கொண்டுவர வேண்டும் என்றார். மற்றவர்களிடம் ஒன்றும் இல்லை. பேராச்சி மட்டும் பெருமையாகத் தன்னுடையதைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, இரண்டு முறை படித்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமோம்மா ஒனக்கு?"

"பாம்பு கடிச்சிட்டுன்னு எழுதியிருக்கும் சார்."

"அது மட்டும் இல்லை. பாம்புக்கடிக்குப் போடற மருந்து ஒனக்கு அலர்ஜின்னு எழுதியிருக்கா. அந்த மருந்தைக் குதிரை ரத்தத்துலேர்ந்தாக்கும் எடுக்கறா. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா விஷத்தை ஏத்தி, அதோட ஒடம்பு உண்டாக்கற எதிர்ப்பை எடுத்து நமக்குப் போடறா. சில பேருக்கு அது ஒத்துக்காது. ஒன் கையில டெஸ்ட் பண்ணிப் பாத்து, ஒத்துக்கலைன்னு போட்டிருக்கா. நாளைக்கு நெஜமாவே விஷப்பாம்பு கடிச்சா ஒனக்கு என்ன மருந்து போடறது?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அன்றைக்கே அவளைப் புல்லிலிருந்து எடுத்து நர்சரிக்குப் போட்டார்கள். பாலிதீன் பையில் மண் ரொப்புகிற வேலை, அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான். "ஒத்துக்கும்னு ஒரு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிண்டு வா, மறுநாளே புல்லுக்கு அனுப்பறேன்" என்றார் அனந்தகிருஷ்ணன், சீட்டைத் திருப்பிக் கொடுத்து. கேட்பதற்கு ரொம்பச் சுலபமாக இருந்தது.

பேராச்சி ஆஸ்பத்திரிக்குப் போனாள். தோல் பிரிவில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு, இது எங்கள் வேலையில்லை, பொது மருத்துவத்துக்குப் போ என்றார்கள். பொது மருத்துவத்தில், பாம்பு கடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். கடிக்காதவளுக்கு எதற்கு டெஸ்ட் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். மாட்டுங்காவில் அலர்ஜிக்கென்றே ஒரு தனி கிளினிக் இருப்பதாக யாரோ சொன்னார்கள். அங்கே ஏ.சி. போட்ட அறையில் ஒரு பெண் பட்டியலைக் காட்டினாள். தூசிக்கு, இறாலுக்கு, வேர்க்கடலைக்கு, கோதுமைக்கு, கரப்பான்பூச்சிக்குக்கூட டெஸ்ட் இருந்தது.

"குதிரை மருந்துக்கு இருக்கா?"

அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "அது இல்லை ஆன்ட்டி. கரப்பான்பூச்சிக்குப் பாத்துக்கறீங்களா?" என்றாள்.

தாராவியில் குடியிருக்கிறவளுக்குக் கரப்பான்பூச்சி சேராமல் போனால் அவள் எங்கே போய் வாழ்வது! பேராச்சி வெளியே வந்து, ரயில்வே பாலத்தின் கீழே நின்று, நெஞ்சு ஆறுகிறவரை தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

கணவன் செல்வம் தோல் பைகளுக்கு ஜிப்பு தைக்கிறவன். அவனிடம் சொன்னபோது, "பேசாம ஒரு குதிரைய புடிச்சுப் பாத்துர வேண்டியதுதான்" என்று விளையாட்டாகச் சொன்னான். அவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிற வெள்ளைக் குதிரை ஒன்றை நாலு சந்து தள்ளிக் கட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், குதிரைக்காரனிடம் கேட்டுக்கொண்டு, அதன் கழுத்தில் கையை வைத்துத் தேய்த்தாள். தன் கன்னத்தையும் வைத்துத் தேய்த்தாள். குதிரை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. குதிரைக்காரன் அவளுக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டான். சாயங்காலம்வரை ஒரு தடிப்புகூட வரவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

கடைசியில் அதே முனிசிபல் ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில், டாக்டர் சாருலதாவிடம் போய்ச் சேர்ந்தாள். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. பேராச்சி குதிரைமேல் கன்னத்தைத் தேய்த்ததுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் சிரிக்காமல் கேட்டதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"குதிரையோட முடி வேற, குதிரை ரத்தத்துல இருந்து வர்ற மருந்து வேற. அதனால அது கணக்கில்லை" என்றாள் சாருலதா. "ஆனா உங்க கையில பண்ணின டெஸ்டும் கணக்கில்லை. அந்த டெஸ்டைப் பண்ண வேண்டாம்னு எப்பவோ சொல்லியாச்சு. கை தடிச்சவங்களுக்கு மருந்து போட்டா ஒண்ணுமே ஆகாம இருக்கும். கை தடிக்காதவங்களுக்குத் திடீர்னு மூச்சு முட்டும். அதை நம்பி எதுவும் சொல்ல முடியாது. பழக்கத்துல இன்னும் சில பேர் பண்றாங்க."

"அப்பம் எனக்குச் சேரும்னு எழுதிக் குடுங்க டாக்டரம்மா."

"அதை எப்படி எழுதறது? போட்டுப் பாத்தாத்தான் தெரியும். யாருக்குமே அப்படி எழுத முடியாது."

"சேராதுன்னு மட்டும் எழுத முடிஞ்சுதுல்லா?" பேராச்சியின் குரல் உயர்ந்துவிட்டது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சாருலதா கேஸ் பேப்பரை மறுபடி கையில் எடுத்தாள். "உங்க வேலையைவிட எனக்கு வேற கவலை. நாளைக்கு உங்களுக்கு நெஜமாவே விரியன் கடிக்குதுன்னு வையுங்க. டியூட்டியில இருக்கற யாராவது இந்தச் சிவப்பு எழுத்தைப் பாத்துட்டு, மருந்து போடவே தயங்கி நின்னுட்டா? இதை நம்பி உங்களைக் கைவிட்டுட்டா? அதுதான் ஆபத்து."

இத்தனை நாளும் பேராச்சி வேலையைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தாள். இப்போதுதான் அந்தச் சிவப்பு எழுத்தை எட்டிப் பார்த்தாள்.

டாக்டர் சிவப்பு எழுத்தின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதிதாக எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்தாள். தனியாக ஒரு கடிதமும் கொடுத்தாள்: இந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை; பாம்பு கடித்தால் மற்றவர்களைப்போல இவருக்கும் மருந்து கொடுக்க வேண்டும்; ஒவ்வாமை வந்தால் அதற்கு ஊசி தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், ஆஸ்பத்திரிப் பதிவிலிருந்தும் அதை எடுக்கச் சொல்லி ரெக்கார்டு அறைக்கு அனுப்பினாள். அங்கே எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். கிளார்க் திரையைத் திருப்பிக் காட்டினான். அலர்ஜி என்கிற கட்டத்தில் அவள் பெயருக்கு நேராகப் பாம்புக்கடி மருந்து என்று இருந்தது.

"சேக்கறதுக்கு பட்டன் இருக்கு, எடுக்கறதுக்கு இல்லை" என்றான் இந்தியில். யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

அனந்தகிருஷ்ணன் கடிதத்தை நிதானமாகப் படித்தார். "இதுல ஒத்துக்கும்னு எங்கயும் எழுதலையேம்மா."

"அந்த டெஸ்டே தப்புன்னு எழுதியிருக்காவளே சார்."

"டெஸ்ட் தப்புன்னா வேற நல்ல டெஸ்ட் பண்ணிண்டு வா."

"வேற டெஸ்டே கெடையாதுங்காவ."

"அப்போ நான் எதை வெச்சு ஒன்னை அனுப்பறது?" என்றார் அவர், அவள்தான் ஏதோ பிடிவாதம் பிடிப்பதுபோல.

பேராச்சி நர்சரிக்குத் திரும்பி, பைகளில் மண்ணை அள்ளி அள்ளிக் குத்தினாள். மூன்று பை கிழிந்தது.

ஜூலை இரண்டாவது வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், ஆறாம் நம்பர் கட்டடத்தின் பின்பக்கமிருந்து கூச்சல் வந்தது. முப்பிடாதியம்மாளைப் பாம்பு கடித்துவிட்டது. புல் வெட்டுகிறவர்களில் ஒருத்தி, ஐம்பத்தைந்து வயசுக்காரி, பேராச்சியின் ஊர்ப்பக்கம்தான், தாராவியில் அடுத்த வரிசையில் வீடு. பாதம் வீங்கிக்கொண்டே வந்தது. செத்துக் கிடந்த பாம்பின் முதுகில் சங்கிலி மாதிரி வட்டவட்டமாகப் புள்ளிகள். கண்ணாடி விரியன். முப்பிடாதியம்மாளுக்கு இந்தி சரியாக வராது என்பதால் சூப்பர்வைசர் கிட்டு பேராச்சியையும் வண்டியில் ஏற்றினான்.

அதே முனிசிபல் ஆஸ்பத்திரியின் காஷுவாலிட்டியில் ஒரு புது டாக்டர், இருபத்தைந்து வயசு இருக்கும். முப்பிடாதியம்மாளின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிஷம் அசையாமல் வைத்தார். சாய்த்துப் பார்த்தபோது ரத்தம் உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடியது. விஷம் ஏறிவிட்டது என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு ஒரு சின்னஞ்சிறு ஊசியை எடுத்தார், சட்டைப்பையிலிருந்து பால்பாயின்ட் பேனாவையும் எடுத்தார்.

பேராச்சிக்கு அந்தப் பேனாவைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. முப்பிடாதியம்மாளின் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் டாக்டர். இந்த டெஸ்ட் வேண்டாம். நேரா மருந்தப் போடுங்க" என்று இந்தியில் கத்தினாள்.

"ஆன்ட்டி, நகருங்க. அரைமணி நேரம்தான். அலர்ஜி இருக்கான்னு பாக்கணும்."

"இருந்தா என்ன செய்வீங்க? மருந்து போட மாட்டீங்களா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். முப்பிடாதியம்மாள், "ஏட்டி, அவிய சொல்லுதத கேளுட்டி, எனக்கு வலி உயிரு போவுது" என்று அழுதாள். பேராச்சி கையை விடாமலே, கிட்டுவைப் பார்த்து, மூன்றாவது மாடிக்கு ஓடி சாருலதா டாக்டரைக் கூட்டிவரச் சொன்னாள். அவன் ஓடினான். செக்யூரிட்டிக்காரன் அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே சாருலதா படியிறங்கி வந்துவிட்டாள்.

வந்தவள் ஊசியைப் பார்த்தாள். சின்ன டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் காது சிவந்தது. அடுத்த ஐந்தாவது நிமிஷம் மருந்துக் குப்பிகளை உடைத்து, கரைத்து, டிரிப்பில் ஏற்றினார்கள்.

பேராச்சி சுவரில் சாய்ந்து, முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டாள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. முப்பிடாதியம்மாள் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். மார்பிலும் கையிலும் கொத்துக்கொத்தாகத் தடிப்பு. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வாந்தி எடுத்தாள். மூச்சு இழுத்தது. சின்ன டாக்டர் பேராச்சியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள்.

சாருலதா பதறவில்லை. டிரிப்பை நிறுத்தினாள். தயாராக வைத்திருந்த ஊசியை முப்பிடாதியம்மாளின் தொடையில் குத்தினாள். ஆக்சிஜன் வைத்தாள். கால்மணி நேரத்தில் இழுப்பு அடங்கியது, தடிப்புகள் வெளிறின. அப்புறம் அதே மருந்தை மெதுவாக, சொட்டுச் சொட்டாக மறுபடி ஏற்றினாள். இந்தத் தடவை ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் எடுத்த ரத்தம் குழாயில் உறைந்தது.

"டெஸ்டு பண்ணியிருந்தா மொதல்லயே தெரிஞ்சிருக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டாள் பேராச்சி. கேட்காமல் அவளால் வீட்டுக்குப் போக முடியாது.

"தெரிஞ்சிருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம். எப்படி இருந்தாலும் இதே மருந்தைத்தான் கொடுத்திருப்பேன். விரியன் விஷத்துக்கு வேற என்ன இருக்கு? பக்கத்துலயே நின்னு பாத்துக்கணும், ஊசி கையில இருக்கணும். நீங்க அரைமணி நேரத்தை மிச்சம் பண்ணிக் கொடுத்தீங்க." பிறகு கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். "இந்த அம்மா காலுல என்ன போட்டிருந்தாங்க?"

"ரப்பர் செருப்பு."

"டெஸ்டுக்கு உங்களை அலைய விட்டாரே, அவரை எல்லாருக்கும் முழங்கால்வரை ஒரு பூட்ஸ் வாங்கித் தரச் சொல்லுங்க."

முப்பிடாதியம்மாள் ஒன்பதாம் நாள் கடிபட்ட காலை ஊன்றி வீடு வந்தாள். மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனபோது, அவளையும் நர்சரிக்குப் போட்டார்கள். அலர்ஜி நிரூபணமாகிவிட்டதாம்.

"ஏட்டி பேராச்சி, உயிரு பொழச்சு வந்ததுக்கு இதாட்டி தண்டன?" என்றாள் மண் பையின் முன்னால் உட்கார்ந்து. பேராச்சி அடுத்த பையை இழுத்து மண்ணை அள்ளிப் போட்டாள்.

அனந்தகிருஷ்ணன் அதோடு நிற்கவில்லை. "டெஸ்ட் பண்ணாம மருந்தை ஏத்தினதாலதானே அன்னிக்கு அப்படி ஆச்சு? என் சைட்ல ஒரு உயிர் போயிருக்கும்" என்று எல்லாரிடமும் சொன்னார். ஒரு தனியார் டாக்டரை வரவழைத்து, புல் வெட்டுகிற எல்லாருக்கும் காலனியிலேயே அந்த டெஸ்டைச் செய்துவிடுவது என்று ஏற்பாடு செய்தார்.

பேராச்சி மறுபடி மூன்றாவது மாடிக்கு ஏறினாள். சாருலதா தலையில் கைவைத்துக்கொண்டாள். பாம்பே கடிக்காதவர்களுக்கு அந்த மருந்தைத் தோலுக்குள் ஏற்றினால், அதிலேயே சிலருக்கு ஒவ்வாமை வரலாம். இன்றைக்கு ஒன்றும் ஆகாதவர்களின் உடம்புகூட அதை எதிரியாக நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். அதையும் எழுதிக் கொடுத்தாள். பேராச்சி அந்தக் கடிதத்தை ஆபீசுக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே கடிதங்களுக்கு என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். தாராவியிலிருந்து வருகிற பஸ்ஸில் எட்டுப் பெண்களிடம் பேசினாள். மற்றவர்களிடம் சாப்பாட்டு வேளையில் பேசினாள்.

டெஸ்ட் முகாம் அன்று, காலனியின் கிளப் ஹாலில் மேஜை போட்டு அந்தத் தனியார் டாக்டர் உட்கார்ந்திருந்தார். பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். ஒருத்தியும் கையை நீட்டவில்லை. முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

"ஒங்க நல்லதுக்குத்தானேம்மா இவ்வளவும் பண்றேன்!" என்றார் அனந்தகிருஷ்ணன். அவர் கண் கலங்கிவிட்டதைப் பார்த்தபோது பேராச்சிக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது.

"நல்லது செய்யணும்னா காலுக்குப் பூட்ஸு வாங்கிக் குடுங்க சார்" என்றாள். பிறகு கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். டாக்டர் அதைப் படித்தார், பெட்டியை மூடினார். எல்லாருக்கும் பி.பி. மட்டும் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் அது நிம்மதியாக இருந்த மாதிரிதான் தெரிந்தது.

ஆகஸ்டில் மழை விடாமல் பெய்தது. புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் பாம்பு வருகிறது என்று குடியிருப்பவர்கள் கம்பெனிக்கு எழுதிப் போட்டார்கள். ஆள் போதவில்லை. ஒருநாள் காலையில் கிட்டு நர்சரிக்கு வந்து, "நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் புல்லுக்கு வந்துருங்க" என்றான்.

"சார் எழுதிக் குடுத்துட்டாரா?"

"எழுத்தெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. ஆள் வேணும். வர்றீங்களா, இல்லையா?"

மூன்று மாசம் அலைந்து, கத்தி, காகிதம் காகிதமாக வாங்கி வந்ததற்கெல்லாம் கிடைக்காதது, புல் வளர்ந்ததால் கிடைத்துவிட்டது. பேராச்சிக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. நாளைக்குப் புல் குறைந்தால் மறுபடி நர்சரிதானே என்றுதான் தோன்றியது. "வாரேன்" என்றாள் சுருக்கமாக. முப்பிடாதியம்மாளும் எழுந்து முழங்காலிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

அடுத்த வாரம் பூட்ஸ் வந்தது. கறுப்பு ரப்பர், முழங்கால்வரை, இருபது ஜோடி. எல்லாமே ஒன்பதாம் நம்பர், ஆம்பளைக் கால் அளவு. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, ஆர்டர் போட்டது போட்டதுதான், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. பேராச்சி ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து, கிழிந்த கோணியை மடித்து மடித்து நுனியில் திணித்தாள். தனக்கு முடித்துவிட்டு, முப்பிடாதியம்மாளுக்கும் திணித்துக் கொடுத்தாள். இருவரும் தொளதொளவென்று சத்தம் எழுப்பிக்கொண்டு, ஆறாம் நம்பர் கட்டடத்தின் பின்பக்கம் நடந்தார்கள்.